நின்றது ஏன்?

ஓடிக்கொண்டிருக்கும் பொருளை யாரும் நினைப்பதில்லை. சுவரில் கடிகாரம் ஓடுகிறது. அதன் ஓசை நம் காதில் விழுவதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. ஒரு நாள் நின்றுவிட்டால் போதும், அன்றுதான் அப்படி ஒன்று நம் வீட்டில் இருப்பதே நமக்குத் தெரிகிறது. தெரிந்தவுடன் முதலில் என்ன வருகிறது? நன்றியா? இத்தனை நாள் உழைத்ததே என்ற இரக்கமா? இரண்டும் இல்லை. கோபம்தான் வருகிறது. கடிகாரத்தைத் தட்டுகிறோம். ரேடியோவின் தலையில் குட்டுகிறோம். மின்விசிறியைத் திட்டுகிறோம்.

நின்றுபோனது குற்றவாளி, அதை மறுபடி ஓடவைப்பவன் கெட்டிக்காரன். எழுதப்படாத இந்தச் சட்டத்தை நாம் இயந்திரங்களோடு நிறுத்திக்கொண்டால் பாதகம் இல்லை. மனிதர்களுக்கும் இதையே வழங்கிவிடுகிறோம். ஆகவே இந்தச் சட்டம் நியாயமானதுதானா என்று ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது நல்லது. அந்த விசாரணைக்கு நான் சாட்சியாக அழைக்கப்போவது லண்டன் நகரத்து வீடு ஒன்றின் பாய்லரை.

பாய்லர் என்றதும் நம்மில் பலருக்குக் கொல்லைப்புறத்தில் தேங்காய் மட்டையும் மரத்தூளும் போட்டு எரிக்கும் செம்புப் பாய்லர் நினைவுக்கு வரும். ஐப்பசி மழைக்கு வெந்நீர் வைத்துக்கொள்ள அது போதும். இங்கிலாந்தில் பாய்லர் என்பது வேறு. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. அதனுள் எரிவாயு எரிகிறது. அந்தத் தீயில் காய்ந்த நீரை ஒரு பம்பு வீடு முழுவதும் ஓடும் குழாய்களுக்குள் செலுத்துகிறது. ஒவ்வோர் அறையிலும் சுவரோடு ஒட்டி ‘ரேடியேட்டர்’ என்ற இரும்புப் பலகை இருக்கிறது. நீர் அதனுள் புகுந்து, வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்ப் பெட்டிக்கே திரும்புகிறது. அதே நீர் சுற்றிச் சுற்றி வருகிறது. பனிக்காலத்தில் அந்தப் பெட்டி நின்றுவிட்டால், குளிக்க முடியாது என்பது மட்டும் அன்று. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவே முடியாது.

2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நான் லண்டனில் என் அக்காள் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பிரிட்டனில் நூறு ஆண்டுகளாக அப்படி ஒரு குளிர்ந்த டிசம்பரைக் கண்டதில்லை என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். ஹீத்ரோ விமான நிலையமே பனியில் முடங்கிக் கிடந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் வீட்டில் பாய்லர் நின்றுபோயிற்று. உள்ளேயிருந்து, பசித்த வயிறு புரள்வது போல ஓர் ஓசை வந்தது. பிறகு பெட்டியின் முகத்தில் ஏதோ ஓர் எண் மினுக்கிற்று. பிறகு மௌனம்.

என் மருமகன் கணிப்பொறித் தொழிலில் இருப்பவன். அந்தத் தொழிலில் முதல் மந்திரம் ஒன்று உண்டு. எது நின்றாலும் ஒரு முறை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். பாய்லரிலும் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது, ‘ரீசெட்’ என்பார்கள். அவன் அதை அழுத்தினான். பெட்டிக்குள் விசிறி சுழன்றது. தீ பற்றும் ஓசை கேட்டது. சில விநாடிகளில் அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே கதை.

“பாருங்கள் மாமா, வெயில் காலம் முழுவதும் ஒழுங்காக ஓடிற்று. குளிர் வந்தால்தான் இந்தச் சனியனுக்கு வியாதி வரும்!” என்றான்.

கோபத்தில் சொன்ன சொல். ஆனாலும் அதற்குள்தான் விடை இருந்தது என்பது நண்பகலில் எங்களுக்குத் தெரிந்தது.

பழுது பார்ப்பவர் வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அறுபதை நெருங்கும் ஆங்கிலேயர். அந்த நாட்டில் எரிவாயு வேலையைத் தொழிலாகச் செய்கிறவர் அதற்கென்று உள்ள பதிவேட்டில் பெயர் பதிந்தவராக இருக்க வேண்டும். 2009 முதல் அந்தப் பதிவேட்டுக்கு ‘கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்’ என்று பெயர். அவர் வாசலிலேயே தம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். கருவிப் பெட்டியைத் தரையில் வைத்தார். ஆனால் அதைத் திறக்கவில்லை. பாய்லரையும் திறக்கவில்லை. கேள்விகள் கேட்டார்.

எப்போது நின்றது? நிற்பதற்கு முன் ஏதேனும் ஓசை கேட்டதா? எப்படிப்பட்ட ஓசை? சமையல் அடுப்பு எரிகிறதா? அடுப்பு எரிந்தால் எரிவாயு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு பெட்டியின் அடியில் இருந்த சிறிய அழுத்தமானியைப் பார்த்தார். குளிர்ந்திருக்கும் நேரத்தில் முள் 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்க வேண்டும்; நின்றது. ஆகவே தண்ணீர் போதாமல் நிற்கவில்லை. இவ்வாறு ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில், “இதன் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே போனார்.

வெயிலே படாத வடக்குச் சுவரில், கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அது வளையும் இடத்தில் உள்ளே இருந்த நீர் உறைந்து கல்லாகி அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழாய் அங்கே வந்த கதையையும் சொல்ல வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அந்த ஆவியைப் புகையோடு வெளியே விட்டுவிடும். அதோடு வெப்பமும் வீணாகப் போய்விடும். புதிய வகைப் பாய்லர் அந்த ஆவியையும் விடுவதில்லை; அதைக் குளிரவைத்து, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொண்டு, மிஞ்சும் நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. எரிபொருள் மிச்சமாகும் என்பதற்காக 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் எரிவாயுப் பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, இந்த வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். சிக்கனத்தின் பயன் அந்தச் சொட்டு நீர். கடுங்குளிரில் உறைந்து வழியை அடைத்ததும் அதுவே. வெளியேற வழியில்லாத நீர் குழாயில் ஏறிப் பெட்டிக்குள்ளேயே நிறைந்தது. வயிறு புரண்ட ஓசை அதனுடையது. அந்த நிலையில் எரிவது ஆபத்து என்று பாய்லர் நின்றுகொண்டது.

அவர் கொதிக்கும் நீர் வேண்டாம் என்றார். கொதிநீர் பட்டால் குழாய் வெடித்துவிடலாம். வெதுவெதுப்பான நீர் கேட்டார். குழாயின் மேல் பொறுமையாக ஊற்றினார். இரண்டு கெட்டில் நீர் செலவாயிற்று. உள்ளே ஏதோ சரிந்தது. குழாயின் வாயிலிருந்து நீர் கொட்டியது. அவர் உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என் மருமகனைப் பார்த்து, “இப்போது அழுத்துங்கள்” என்றார்.

அவன் அழுத்தினான். தீ பற்றியது, நின்று எரிந்தது.

காலையில் அழுத்திய அதே பொத்தான்தான். அழுத்திய விரலும் அதே விரல்தான். காலையில் அது பயனற்ற செயல். நண்பகலில் அதுவே சரியான செயல். இடையில் நடந்தது என்ன? நின்றதற்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டார். கேட்டு அதை நீக்கினார். அவ்வளவுதான். மறுபடி தொடங்குவது தவறு அன்று. கேட்காமல் தொடங்குவதுதான் தவறு. ‘இப்போது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெரிய அறமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். குற்றம் பெட்டிக்குள் இல்லை. வீட்டுக்குள்ளேயே இல்லை. வெளியே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சுவரில் இருந்தது. நாங்கள் எல்லாரும் காலை முழுவதும் பெட்டியின் முன்னால் நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தோம். எது நின்றதோ அதனிடம்தான் குற்றம் இருக்கும் என்று எண்ணுவது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! கடுஞ்சுரத்தில் கிடப்பவனைப் பார்த்து, அவனுடைய தெருச் சாக்கடையைப் பார்க்காமல் விடுவது போன்றதுதான் இது.

காரணத்தைத் தேடாமல் கிடைக்கும் தற்காலிக நிவாரணம், வெறும் வீண்வேலையாக முடிந்தால்கூடப் பரவாயில்லை. சில சமயம் அதுவே அடுத்த நோயாகிவிடுகிறது. தேநீர் அருந்தும்போது அந்தப் பெரியவர் இதற்கும் ஓர் உதாரணம் சொன்னார்.

சில வீடுகளில் அழுத்தமானியின் முள் வாரத்துக்கு வாரம் இறங்கிப்போகும். முள் பூஜ்யத்துக்கு வந்தால் பாய்லர் நின்றுவிடும். வீட்டுக்காரர் அடியில் உள்ள திருகைத் திறந்து ஊர்க்குழாய் நீரைக் கொஞ்சம் உள்ளே விடுவார். முள் ஏறும், பாய்லர் ஓடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே வேலை. இரண்டு நிமிடத்து வேலைதானே என்று வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. மூடிய குழாய்களுக்குள் சுற்றும் நீர் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. எங்கோ ஒரு மூட்டில் கசிவு இருக்கலாம். அல்லது நீர் சூடாகி விரியும்போது இடம் கொடுப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் கலத்தில் காற்று குறைந்திருக்கலாம். காற்று குறைந்தால், சூடேறும்போதெல்லாம் அழுத்தம் மிஞ்சிப் போய், காப்பு வால்வு திறந்து நீரை வெளியே தள்ளிவிடும். ஆறியதும் முள் இறங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், பழைய நீரால் குழாய்களுக்குத் தீங்கு குறைவு. அதில் இருந்த ஆக்சிஜன் முன்பே தீர்ந்துபோயிருக்கும். புதிதாக விடும் ஒவ்வொரு குவளை நீரும் புதிய ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. அது இரும்பைத் தின்கிறது. துரு கறுப்புச் சேறாகி ரேடியேட்டர்களின் அடியில் படிகிறது. மேலே சூடாக இருக்கும்; அடிப்பாகத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கும். சேறு பம்பைக் கெடுக்கிறது. ஆக, வாரந்தோறும் அன்போடு ஊற்றிய நீரே வீட்டை உள்ளிருந்து அரித்துவிடுகிறது. ஊற்றியவர் வீட்டைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டபோது நமக்குத் தெரிந்த குடும்பங்கள் சில என் நினைவில் வந்தன. மாதக் கடைசியில் கைமாற்றுக்கு வரும் தம்பிக்கு அண்ணன் முகம் கோணாமல் பணம் கொடுக்கிறார். கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் பணம் எங்கே போகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் தம்பி மனம் புண்படுமாம். கேட்காமல் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயும் தம்பியின் சீட்டாட்டத்துக்கு உரமாயிற்று. கொடை என்று அண்ணன் நினைத்தது, விசாரிக்கும் சங்கடத்திலிருந்து தாம் தப்பித்துக்கொள்ளக் கொடுத்த விலை அல்லவா?

இனி, பாய்லர் ஏன் தானாக நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். தீ சரியாக எரியாவிட்டால், அல்லது புகை வெளியேறும் வழி அடைபட்டால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள், இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு பற்றிக்கொள்கிறது. தலைவலி வரும், மயக்கம் வரும், உறக்கம் வருவது போல இருக்கும். உறங்கியவர் விழிக்கமாட்டார். அறையின் காற்றையே எடுத்து எரித்த பழைய பாய்லர்கள் சில, புகைபோக்கியில் பறவை கூடு கட்டிய ஒரே காரணத்தால் இப்படி உயிர் குடித்திருக்கின்றன. அவை நிற்கவில்லை, கடைசி வரை விசுவாசமாக எரிந்துகொண்டே இருந்தன. வீடும் கதகதப்பாகத்தான் இருந்தது.

இந்த வாயுவின் கொடுமையை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞர். 1896இல் தென் வேல்ஸில் உள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. ஹால்டேன் அங்கே சென்று, மாண்டவர்களின் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோர் வெடியின் அடியால் சாகவில்லை; அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடால் செத்திருந்தார்கள். மனிதனைவிட விரைவில் இந்த நஞ்சுக்கு ஆளாகும் சிற்றுயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும்படி அவர் யோசனை சொன்னார். அவ்வாறு சுரங்கங்களில் புகுந்ததுதான் கானரி என்ற மஞ்சள் குருவி. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அதன் வேலை முடிந்து, மின்கருவிகள் அந்த இடத்துக்கு வரும் என்று அறிவித்தது 1986இல்தான்.

குருவி பாடிக்கொண்டிருக்கும் வரை தொழிலாளி நிம்மதியாக வெட்டுவான். அது பாட்டை நிறுத்திக் கிளையிலிருந்து சாய்ந்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள். “பாடு, பாடு” என்று கூண்டைத் தட்டியவன் எவனும் இருந்திருக்கமாட்டான். சில கூண்டுகளின் மேல் சிறிய ஆக்சிஜன் உருளை ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். குருவி விழுந்ததும் கூண்டின் கதவை மூடி, அந்த உருளையைத் திறந்துவிடுவார்கள். தமக்காக முதலில் வீழ்ந்ததைப் பிழைக்கவைக்க அந்த முரட்டு மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். நின்றுபோவது குற்றம் அன்று, சேதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வசதியான அறைகளில் வாழும் நமக்குத்தான் அது மறந்துபோயிற்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நின்றது எல்லாம் நியாயமாகத்தான் நின்றது என்று சொல்ல முடியுமா? முடியாது. பாய்லருக்குள் தீயைக் கண்காணிக்க ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம், ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு, அந்தக் கம்பியில் பாயும். பாய்ந்தால் தீ இருக்கிறது, பாயாவிட்டால் இல்லை. கம்பியில் அழுக்குப் படிந்துவிட்டால், தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ‘தீ இல்லை’ என்று பாய்லர் முடிவு செய்து எரிவாயுவை மூடிவிடும். உண்மை கண்முன் எரிகிறது. சாட்சிக்குத்தான் கண் மங்கிவிட்டது. அப்படி நிற்பது தவறான நிறுத்தம்தான்.

ஆனாலும் எண்ணிப் பாருங்கள். இரண்டு தவறுகள் உண்டு. நிற்க வேண்டாத இடத்தில் நிற்பது ஒன்று; நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவது மற்றொன்று. இரண்டையும் அடியோடு ஒழிக்க எவராலும் முடியாது. எந்தத் தவறின் பக்கம் சாய்வது என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். முதல் தவறில் நடுக்கம். இரண்டாவது தவறில் மரணம். பாய்லரை அமைத்தவர்கள் முதல் தவறைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வில் அறிவு மட்டும் இல்லை, கருணையும் இருக்கிறது. அப்போதும் அழுக்குக் கம்பியைத் துடைக்க வேண்டுமே அல்லாமல், கம்பி சொல்வதைக் கேட்காதிருக்கப் பழகிக்கொள்ளக் கூடாது.

நடுக்கமும் சிறிய தண்டனை அன்று. குளிர் வயோதிகர்களைக் கொல்லும். ஆகவே நின்றுவிடுவதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. நின்றதைக் கேட்க ஒருவர் வர வேண்டும். அன்று நடந்ததில் இதுவரை நான் சொல்லாமல் வைத்திருக்கும் பகுதி இதைப் பற்றியதுதான்.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர் வாசலில் நின்றார். “அடுத்த வீட்டின் குழாயும் இதே சுவரில்தான் இறங்குகிறது. அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார் என்று என் மருமகள் சொன்னாள். “அவர் வீட்டில் சூடு இருக்கிறதா?” என்றார் அவர். எங்களுக்குத் தெரியவில்லை.

மருமகள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். நெடுநேரம் கழித்துத் திறந்தது. அந்த அம்மையார் மேல்கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் அணிந்தபடியே படுக்கையிலிருந்து எழுந்து வந்திருந்தார். முந்திய நாள் மாலையே பாய்லர் நின்றுவிட்டதாம். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டாராம். பேசும்போது அவருடைய நா குழறிற்று.

பெரியவர் முதலில் செய்தது பாய்லரைப் பார்ப்பது அன்று. எங்கள் வீட்டில் இருந்த சிறிய மின் அடுப்பைக் கொண்டுவரச் சொல்லி அவர் அருகில் வைத்தார். என் மருமகள் போர்வை கொண்டுவந்து சுற்றினாள். சூடான பானம் கொடுத்தாள். அதன் பிறகுதான் கெட்டிலை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைப்புறம் போனார். ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டிலும் தீ எரிந்தது. அதற்கு அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கு மட்டும் அடுத்த வீடு ஏன் நினைவுக்கு வந்தது? அவர் எங்களைவிட நல்லவர் என்பதாலா? இருக்கலாம். ஆனால் வேறு ஒரு காரணமும் உண்டு. அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. பெட்டியைக் குற்றம் சொல்கிறவனுக்கு இது தன் வீட்டுக் கஷ்டம் மட்டுமே; அடுத்த வீட்டுப் பெட்டி வேறு பெட்டி. வடக்குச் சுவரைப் பார்த்தவனுக்குத்தான், அந்தச் சுவர் யார் யாருக்கெல்லாம் பொது என்று தெரியும். காரணத்தைத் தேடுவது அறிவின் வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அன்பின் வேலையும்கூட. ஒரு துன்பத்தின் காரணத்தைக் கண்டவன், அதே காரணத்தால் துன்பப்படும் இன்னொருவனை மறந்திருக்க முடியாது.

அந்த மின் அடுப்பையும் போர்வையையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுங்குகிறவருக்கு முதலில் போர்வைதான் வேண்டும். ஆனால் போர்வைக்கும் பொத்தானுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘உன் துன்பத்தை நான் அறிவேன், அது தீரும் வரை இதைப் போர்த்திக்கொள்’ என்கிறது போர்வை. ‘உனக்குத் துன்பமே இல்லை, எழுந்து ஓடு’ என்கிறது பொத்தான். முதலாவது உதவி. இரண்டாவது உதவியைப் போல வேடமிட்ட மறுப்பு.

நம் வீடுகளில் இந்தப் பொத்தானை நாம் எத்தனை முறை அழுத்துகிறோம்! முப்பது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்த ஒரு தாய், ஒரு நாள் எழவில்லை. காய்ச்சல் இல்லை; தலைவலி இல்லை. “என்னால் முடியவில்லை” என்கிறாள். வீடே திகைக்கிறது. “உனக்கு என்ன குறை? ஒரு வாய் காபி குடி, சரியாகிவிடும்” என்கிறார் கணவர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அவளும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். வீடு மறுபடி ஓடுகிறது. எல்லாருக்கும் நிம்மதி. அவள் ஏன் நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. உறைந்துபோன குழாய் எங்கேயோ இருக்கிறது. அது அவளுக்குள் இல்லாமல், யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு சுவரில் இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம். மகன் எழுதாத கடிதமாக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பையன் பேசுவதை நிறுத்திவிடுகிறான். பதினைந்து வருடம் லீவு போடாத குமாஸ்தா ஒரு நாள் ஆபீஸுக்குப் போகமாட்டேன் என்கிறான். சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் வைத்துவிட்டால் விசாரிக்க வேண்டியதில்லை. அடித்தோ, கெஞ்சியோ, பரிசு காட்டியோ மறுபடி ஓடவைத்துவிட்டால், “பார்த்தாயா, ஒன்றும் இல்லை” என்று சொல்லிக்கொள்கிறோம்.

கதை எழுதுகிறவனுக்கு வாசகர்களிடமிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும்: “உங்கள் கதையில் குற்றவாளி யார்?” குடும்பத்தை விட்டுப் போனவளையா, போகும்படி செய்தவனையா, பார்த்துக்கொண்டிருந்தவர்களையா, யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்பார்கள். குடும்பக் கதைகளில் முதல் கல் எப்போதும் நின்றுபோனவர் மேல்தான் விழுகிறது. அவரால்தானே எல்லாம் நின்றது! நல்ல நாவல் எதுவாயினும் அந்தக் கல்லைக் கீழே போட வைக்கும். குற்றவாளியைக் காட்டுவதற்காக அன்று. கொல்லைக் கதவைத் திறந்து வடக்குச் சுவரைப் பார்க்க வைப்பதற்காக. மருந்தைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவரும் மருந்தின் பெயர் ஒன்றையும் சொல்லாமல், நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்வதற்குத்தானே முதலிடம் கொடுத்தார்!

இயந்திரத்துக்கு உள்ள ஒரு பாக்கியம் மனிதனுக்கு இல்லை. சில முறை முயன்றும் தீ நிலைக்காவிட்டால் பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, எண் ஒன்றை மினுக்கி, ‘என்னை வந்து பார்’ என்று காத்திருக்கும். மனிதன் அப்படிக் காத்திருக்கமாட்டான். அவனை எழுப்பினால் எழுந்துவிடுவான். திட்டினால் ஓடுவான். அன்பாகச் சொன்னால் இன்னும் வேகமாக ஓடுவான். உள்ளே நீர் நிறைந்துகொண்டே இருந்தாலும், வெளிக்கு எரிந்துகொண்டே இருப்பான். அவனிடம் மினுக்கும் எண் இல்லை. ஏதோ ஒரு நாள் முகத்தில் ஒரு வாட்டம், பேச்சில் ஒரு தயக்கம், வைத்த சோற்றில் பாதி மிச்சம்; அவ்வளவுதான் அவன் காட்டும் அடையாளம்.

ஆகையால் நம் வீட்டில் யாராவது ஒருவர் ஒரு நாள் நின்றுவிட்டால், அன்று ஒரு வேளை சமையல் தாமதமானாலும் பரவாயில்லை. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. போர்த்திக்கொள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து, “ஏன்?” என்று ஒரு முறை கேட்போம். பதில் உடனே வராது. இரண்டு கெட்டில் வெந்நீர் செலவாகும் நேரமாவது பொறுத்திருப்போம்.